கண்ணுளரும் கண்ணுள் வினைஞரும்

ஆடல் ஒரு துறை, ஓவியம் மற்றொரு துறை, வணிகம் மூன்றாவது துறை என்று பிரித்துப் பார்ப்பது இக்காலக் கல்வி நமக்குப் பழக்கிய வழக்கம். பழந்தமிழ்ச் சொல்வழக்கு இவற்றை அவ்வளவு தொலைவில் வைக்கவில்லை. மலைபடுகடாம் கூத்தரைக் 'கண்ணுளர்' என்று குறிக்கிறது. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிக்கின்றன. நோக்குவோர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என்பது பின்னதற்கு நச்சினார்க்கினியர் கூறும் விளக்கத்தின் கருத்து. இவ்விளக்கத்தைக் கூத்தர்க்குப் பொருத்திப் பார்த்தாலும் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. உடம்பால் கண்ணை நிறுத்துபவர் கண்ணுளர். கோட்டாலும் வண்ணத்தாலும் நிறுத்துபவர் கண்ணுள் வினைஞர். இரண்டு தொழிலுக்கும் முதற்பொருள் காண்பவரின் கண்ணே என்பதைச் சொற்களே காட்டுகின்றன.

இதனை இம்மலரில் எடுத்துரைக்கக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் இன்று கணிப்பொறி வரைகலையை நாடுகின்றனர். வரைகலை என்பது எழுத்தையும் படத்தையும் வண்ணத்தையும் ஒரு பரப்பில் ஒழுங்குபடுத்தி, ஒரு செய்தியைக் கண்வழியே கருத்தில் ஏற்றும் தொழில். பொருளின் உறையும், கடையின் பெயர்ப்பலகையும், திருமண அழைப்பிதழும், தேர்தல் சுவரொட்டியும் அதன் விளைபொருள்கள். அப்பொருளை யாரிடம், எங்கே, என்ன விலைக்கு, எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்று எண்ணுவது சந்தைப்படுத்தல். இவற்றைக் கற்கும் இளைஞருள் சிலர் ஆடவும் தெரிந்தவர்கள். அவர்களை நோக்கி வீட்டாரும் வேலை தருவோரும் கேட்கும் வினா ஒன்றே: "இரண்டில் எதை விடப் போகிறாய்?" இவ்வினாவே பிழையானது என்பது என் கருத்து.

முதலில் நம் நிலத்திலிருந்தே தொடங்குவோம். மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். 583 அடிகளைக் கொண்ட அந்நூலைப் பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கம். கல்வராயன் மலையின் வடபுறத்தே சவ்வாது மலைக்கும் இதற்கும் இடைப்பட்டுக் கிடக்கும் நிலப்பகுதி அது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான்: எந்தப் பாதையில் செல்லலாம், எங்கே இடர் உண்டு, எவ்வூரில் உணவு கிடைக்கும், புரவலன் எத்தன்மையன் என்றெல்லாம் விரித்துரைக்கிறான். இலக்கிய மாணவர் இதனை இயற்கை வருணனைக்காகப் படிக்கின்றனர். தொழில் நோக்கில் படிப்பவர்க்கு இது கலைஞன் கலைஞனுக்குத் தரும் சந்தை விவரம். எங்கே தேவை இருக்கிறது, அங்கே சென்றடைவது எப்படி, கிடைக்கும் ஊதியம் என்ன என்னும் மூன்றும் அதில் உள்ளன. இன்றைய விளம்பரத்தார், பயன்பெற்றவர் வாயால் பிறர்க்குச் சொல்லவைப்பதே சிறந்த விளம்பரம் என்று கருத்தரங்குகளில் பேசுகின்றனர். ஆற்றுப்படைக்கு அது புதிதன்று.

அடுத்து, நாம் விடியவிடியப் பார்த்து, விடிந்ததும் மறந்துவிடும் தெருக்கூத்து. பாரதக் கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு உண்டு. நம் பகுதி தெற்கத்திப் பாணிக்கு உரியது. கூத்தர் அணியும் கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்பில் பூணும் பதக்கம், கன்னத்தை ஒட்டி நிற்கும் அணி ஆகியவற்றைக் கட்டைகள் என்பர். கட்டைக்கூத்து என்னும் பெயரும் இதனால் வந்ததே. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டுகளும் மினுக்குத் தாளும் ஒட்டி இவற்றைச் செய்வர். ஓர் இரவு முழுதும் சுமந்து சுழன்றாட வேண்டுமாதலின் எடை மிகுந்தால் கழுத்து தாங்காது. குறைத்துச் செய்தால் தொலைவிலிருப்போர்க்கு அரசனாகத் தோன்றாது. எவ்வளவு பெரிதாகச் செய்யலாம் என்பதை ஆடுபவன் உடம்பே அறியும். ஆகவேதான் கூத்தருள் பலர் தம் கட்டைகளைத் தாமே செய்வோராகவும் பழுது பார்ப்போராகவும் இருந்து வந்துள்ளனர்.

இதில் வரைகலை மாணவன் கற்க வேண்டியது மிகுதி. மின்விளக்கு வருமுன் கூத்து எரியும் பந்த வெளிச்சத்திலும், பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் நடந்தது. மங்கிய ஒளியில், கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் ஒரு தாய் கண் திறந்தவுடன் வந்திருப்பது யார் என்று அறிய வேண்டும். முகத்தின் வண்ணமும் கிரீடத்தின் அளவும் அந்த வேலையைச் செய்தன. ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவன் இரண்டு நொடியில் படிக்க வேண்டிய சுவரொட்டிக்கும் இதுவே இலக்கணம். நுண்ணிய வேலைப்பாட்டை எங்கே வைப்பது, எங்கே தவிர்ப்பது, எந்த இரண்டு வண்ணங்கள் இருளில் ஒன்றாகிவிடும் என்பனவற்றைக் கூத்தர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

வேடத்தின் வருகையையும் நோக்குக. இருவர் திரை பிடிக்க, வேடம் அதன் பின்னே நின்று பாடும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். சலங்கை ஒலி கேட்கும். கட்டியங்காரன் "வந்திருப்பது யார்?" என்று வினவுவான். மக்களின் ஆவல் முற்றிய பின்னரே திரை விலகும். முழுவதையும் ஒரே முறையில் காட்டிவிடாமல், பெயரையும் உருவையும் சிறிது சிறிதாக வெளியிட்டு நினைவில் பதிப்பது எப்படி என்று பெரும் நிறுவனங்கள் இன்று பெருந்தொகை கொடுத்துக் கேட்டறிகின்றன. தியாகதுருகத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் கூத்துக் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், பகலில் பதாகை அச்சிடும் கடையில் கணிப்பொறி முன் அமர்ந்து வேலை செய்து வந்தார். அவர் அமைக்கும் பதாகைகளில் வெற்றிடம் மிகுதி. பெயர் ஓரிடம், படம் ஓரிடம், வேறெதுவும் இராது. "எல்லா இடத்தையும் நிரப்பு" என்று கடைக்காரர் கடிந்தால், "எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடினால் யாரைப் பார்ப்பது, அண்ணே?" என்று கேட்பாராம். அவ்விடை எந்தப் பாடநூலிலும் படித்ததன்று.

வடமொழி நூலாகிய விஷ்ணு தர்மோத்தரத்தில் இக்கருத்தை வலியுறுத்தும் பகுதி ஒன்று புகழ்பெற்றது. படிமம் செய்யக் கற்க விரும்பும் வஜ்ரன் என்னும் அரசனிடம், அதற்கு ஓவியம் தெரிய வேண்டும், ஓவியத்திற்கு ஆடல் தெரிய வேண்டும், ஆடலுக்கு இசை தெரிய வேண்டும் என்று மார்க்கண்டேயர் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்கிறார். நம் மணிமேகலையோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நாடக மகளிர்க்கென வகுத்த கலைகளுள் ஓவிய நூற்பயிற்சியும் ஒன்று என்றும், மாதவி அதில் துறைபோகியவள் என்றும் ஊரலருரைத்த காதை வழி அறிகிறோம். மேடையில் ஆடுபவள் தூரிகையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அக்காலப் பாடத்திட்டம்.

ஆனால் அதே மாதவியின் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இதனைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாகப் பேசியவனாவேன். ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறிய மாதவிக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் மதிப்புள்ள மாலையும் கிடைத்தன. அம்மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் தெருவில் விலை கூறி நின்றாள். மாலையை வாங்கியவன் கோவலன். மாலையோடு அவனைச் சேர்ந்தது மாதவியின் வாழ்வு. பொருளைத் தேர்ந்த இடத்தில், தேர்ந்த வாடிக்கையாளர் முன், தேர்ந்த விலைக்கு நிறுத்திய அவ்விற்பனையில் சந்தைப்படுத்தலின் எல்லா இலக்கணமும் உண்டு. ஆயின் விலைபோனது கலையா, கலைஞரா? ஆடலைத் தொழிலோடு இணைக்க எண்ணும் எவரும், குறிப்பாக மாணவியர், இவ்வினாவை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடல் என்றவுடன் நம் பெரியோர் முகம் சுளிப்பதன் பின்னேயும் பெரும்பாலும் இந்த அச்சமே இருக்கிறது. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு விடை சொன்ன ஒரு வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதே தக்கது.

அவ்வாழ்க்கை சந்திரலேகாவினுடையது. 1928இல் மராட்டிய நாட்டு வாடா என்னும் ஊரில் பிறந்தவர். சட்டப் படிப்பை விடுத்துச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றார். 1952இல் இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக ஆடினார். யமுனையின் நீர்ப்பெருக்கைக் கைகளால் காட்டிக்கொண்டிருந்தபோதே, எந்த மக்களுக்காக நிதி திரட்டப்படுகிறதோ அவர்களுடைய வெடித்த நிலம் நினைவில் வந்து அவரைத் திகைக்கச் செய்தது. மேடையில் ததும்பும் நீருக்கும் வெளியே இல்லாத நீருக்கும் இடைப்பட்ட முரண்பாடு அவரை விடவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் புகழ் வளர்ந்திருக்க, அவர் ஆடல் மேடையிலிருந்து படிப்படியாக விலகினார்.

விலகியவர் சும்மா இருக்கவில்லை. எழுதினார், வரைந்தார், சுவரொட்டி அமைத்தார். பெண்கள் இயக்கத்திற்கும் மனித உரிமைப் பணிக்கும் அவர் உருவாக்கிய சுவரொட்டிகள் பேசப்பட்டன. தசரத் படேல், சதானந்த் மேனன் ஆகியோருடன் சேர்ந்து சென்னையில் 'ஸ்கில்ஸ்' என்னும் அமைப்பை நடத்தினார். சுவரொட்டி அமைக்கவும் செய்தியைக் கண்ணுக்குரியதாக்கவும் மக்கள் குழுக்களுக்குப் பயிற்சி தருவது அதன் பணிகளுள் ஒன்று. தசரத் படேல், 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஓவியர், ஒளிப்படக் கலைஞர், வடிவமைப்பாளர் என்று பல துறையிலும் இயங்கியவர். இத்தகையோர் நடுவில் சந்திரலேகாவின் கண் வேறுவகையில் பயிற்சி பெற்றது.

1984இல் மும்பையில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பில் அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். 1985இல் 'அங்கிகா' உருவாயிற்று. அதில் பரதமும் களரிப்பயிற்றும் யோகமும் அருகருகே நின்றன. கதையும் தெய்வமும் அணிகலனும் விலக்கப்பட்டு, கோடும் முக்கோணமும் சதுரமும் வட்டமுமாக உடம்பு காட்சியளித்தது. பாஸ்கரரின் கணித நூலை அடிப்படையாகக் கொண்ட 'லீலாவதி' 1989இலும், 'ஸ்ரீ' 1991இலும், 'யந்திரா' 1994இலும், 'சரீரா' 2001இலும் வந்தன. இவற்றைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோர் உண்டு. மரபைச் சிதைத்தார் என்று குறை கூறியோரும் உண்டு. மேடையை ஒரு வெற்றுத் தாளாகக் கண்டு, அதில் எங்கே நிற்பது, எங்கே வெளி விடுவது என்று அவர் அளந்த அளவில், சுவரொட்டி வரைந்த கையின் தடம் தெரிகிறது என்பதே இங்கு நான் சொல்ல வருவது. இடைப்பட்ட ஆண்டுகளில் வரைகலை அவர் ஆடலைக் கொன்றுவிடவில்லை. அவர் திரும்பி வருவதற்கான மொழியை அதுவே அமைத்துத் தந்தது. சங்கீத நாடக அகாதெமி 2004இல் தன் உயரிய மதிப்பாகிய உறுப்பாண்மையை அவருக்கு வழங்கிற்று. 2006 டிசம்பர் 30இல் சென்னையில் காலமானார்.

மாதவியின் மாலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்க. மாதவியை எங்கே, எப்படிக் காட்டுவது என்பதைப் பிறர் முடிவு செய்தனர். தம்மை எவ்வாறு காண வேண்டும் என்பதைச் சந்திரலேகா தாமே வரைந்தார். பார்வையை அமைக்கும் தொழிலைக் கற்ற ஆடற்கலைஞர் பிறர் பார்வைக்கு வெறும் பொருளாவதிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. பெரியோர் அஞ்சும் இடத்திற்கு வரைகலைக் கல்வி ஒரு காப்பாக அமையக்கூடும்.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இன்றைய வரைகலைக் கல்விக்கு அடித்தளமிட்ட செருமானியப் பள்ளியாகிய பௌஹவுசில் ஆசிரியராக இருந்த ஓவியர் ஆஸ்கர் ஷ்லெம்மர், அங்கே நாடகப் பட்டறையையும் நடத்தினார். அவர் உருவாக்கிய 'முக்கூறு நடனம்' 1922இல் ஸ்டுட்கார்ட் நகரில் அரங்கேறியது. உருளை, கூம்பு, கோளம் போன்ற உருவங்களில் உடை அமைத்து, அவ்வுடை விதிக்கும் எல்லைக்குள் உடம்பு எவ்வாறு அசையும் என்று அவர் ஆராய்ந்தார். நம் கட்டை கட்டிய கூத்தனைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரால் எண்ணத் தோன்றுவதுபோல் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரப் பகுதியிலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள் என்பாரும் உளர். சாமை, தேன், கடுக்காய், புளி ஆகியவை அம்மலை தரும் பொருள்கள். இவை கீழே இறங்கும்போது பெரும்பாலும் பெயரின்றியே இறங்குகின்றன. சாக்கில் வந்து, வேறோர் ஊரின் உறையில் புகுந்து, வேறொருவர் பெயரில் விற்கின்றன. கடுக்காயைச் சாயத்திற்கும் தோல் பதனிடுவதற்கும் மருந்திற்கும் வாங்குவோர் உண்டு. விளைந்த மலையின் பெயரை அறிந்தவர் சிலரே.

மலையின் ஆடலுக்கும் இந்நிலையே. கரியாலூரில் கோடை விழா நடத்தப்படும் ஆண்டுகளில் அம்மக்களை அழைத்து ஆடச் சொல்கின்றனர். தம் ஊர்த் திருவிழாவில் இரவெல்லாம் வட்டமிட்டு ஆடுவோர், மேடையில் விருந்தினர் முன் பத்து நிமிடத்திற்கு வரிசையாக நிற்க வேண்டியதாகிறது. வட்டமாக ஆடுவது தமக்காக. வரிசையாக ஆடுவது காண்பவர்க்காக. இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒருவர் அம்மேடையை அமைத்திருந்தால், பார்ப்போரை ஆடுவோரைச் சுற்றி அமரச் செய்திருப்பார். ஆடலும் தெரிந்து காட்சியமைப்பும் தெரிந்த மலைப்பிள்ளை ஒருவர் தம் ஊர்த் தேனுக்கு உறை வரைந்தால், அதில் தலையில் இறகு செருகிய கற்பனைக் காட்டுவாசி இடம்பெறமாட்டார் என்பது உறுதி.

ஊர்ப்பெயர் ஒரு பொருளுக்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று கீழேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவரை சிற்பம் வாங்கியோர் ஊரை நோக்கவில்லை; இனி ஊரின் பெயரும் பொருளோடு செல்லும். ஆயினும் குறியீடு கிடைத்ததோடு விற்பனை தானே நடந்துவிடாது. சிற்பத்தின் ஒளிப்படமும், அதனோடு செல்லும் ஒரு பக்க விளக்கமும், உடையாமல் அனுப்பும் பெட்டியும் ஒருவர் அமைத்தாக வேண்டியவை. நடனமாடும் உருவங்களை எந்தக் கோணத்திலிருந்து படம் பிடிப்பது என்பது ஆடத் தெரிந்தவர்க்கு விரைவில் புலப்படும். எடை எந்தக் காலில் நிற்கிறது என்று அவர் முதலில் பார்ப்பார்.

நடைமுறைக்கு வருவோம். இரண்டையும் எவ்வாறு ஒரே வாழ்வில் நடத்துவது? காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடந்தது. கூத்தர் பி. ராஜகோபால் முன்னின்று நடத்திய அங்கே, சிறுவர் சிறுமியர் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் ஒருங்கே கற்றனர். விடிய ஆடிய பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கிப் பள்ளியையே விட்டுவிடும் நிலைக்கு அது மாற்றாக அமைந்தது. கால அட்டவணையை மாற்றினால் போதும், கலையை விட வேண்டியதில்லை என்பதை அப்பதினெட்டு ஆண்டுகள் காட்டின.

நம் பகுதியிலும் மாதங்களை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது பெரும்பாலும் பங்குனி முதல் ஆடி வரை. அச்சகத்திற்கும் விளம்பரத் தொழிலுக்கும் வேலை மிகுவது ஆவணி முதல் தை வரை: தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பு, மார்கழியில் நாட்காட்டி, தையில் பொங்கல் வாழ்த்தும் திருமண அழைப்பிதழும். ஆடியில் கூத்தர்க்கு உறக்கமில்லை. அழைப்பிதழ் அடிப்பவர்க்கு வேலையில்லை. (நம் வீட்டுத் திருமணங்களுக்கு ஆடி தடையன்று; ஆயினும் அவை மட்டும் ஓர் அச்சகத்தை நடத்தப் போதா.) சித்திரையும் வைகாசியும்தாம் இரண்டு பக்கமும் இழுக்கும் மாதங்கள். அவ்விரண்டு மாதத்திற்கு முன்னரே வேலைகளை முடித்தோ ஒருவரோடு பகிர்ந்தோ கொள்ள வேண்டும். மாதச் சம்பளத்திற்குச் செல்வதைவிட வேலைக்கு ஏற்ற கூலி பெறும் முறையே இத்தகையோர்க்கு உகந்தது. அதில் வரவு சீராக இராது என்பதையும் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உடம்பையும் கருதுக. நாளெல்லாம் நாற்காலியில் குனிந்திருப்பவன் இரவில் திடீரெனச் சுழன்றாடினால் முழங்காலும் முதுகும் பொறுக்கா. ஆடாத மாதங்களிலும் நாள்தோறும் அடவுப் பயிற்சி வேண்டும். மேலும், ஆடல் தெரிந்தவர் என்பதற்காகக் கடைத் திறப்பு விழாவில் கூலியின்றி ஆடச் சொல்லும் வழக்கம் பெருகி வருகிறது. சுவரொட்டிக்கு ஒரு விலை, ஆட்டத்திற்கு ஒரு விலை என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வாங்குவது நல்லது. வெற்றிலை பாக்கோடு முன்பணம் பெற்று நாள் குறிக்கும் கூத்தர் வழக்கத்தில் இத்தெளிவு எப்போதும் இருந்தது.

துறை மாணவர்க்கு உடனே கைக்கொள்ளத்தக்க பணி ஒன்றும் உண்டு. நம் மாவட்டக் கூத்துக் குழுக்களிடம் உள்ள பழைய கட்டைகள் தேய்ந்து வருகின்றன. ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளவையும் எடையையும், பயன்பட்ட மரத்தையும், செய்தவர் ஊரையும் குறித்து, கோட்டோவியமாக வரைந்து தொகுக்கலாம். அவ்வோவியங்களிலிருந்து எழுத்துருவும் ஓரச் சித்திரமும் அமைத்துக் குழுக்களின் அறிவிப்புத் தாளுக்கும் பயன்படுத்தலாம். அவற்றை வணிகர் கேட்டால், வரும் ஊதியத்தில் குழுவுக்கும் பங்கு என்று முன்னரே எழுதிக்கொள்ளலாம். தலையில் வைத்து ஆடிப் பார்த்தவர் வரைந்தால்தான், கிரீடத்தின் பின்புறம் ஏன் அவ்வாறு குடையப்பட்டது என்பதும் ஓவியத்தில் வரும். பருவம் தொடங்குமுன் கட்டைகளைப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டும் நாள்களே இதற்கு ஏற்றவை.